ஒரே போத்தலில் ஐந்து பேர்

மழை விட்ட பிறகு சீமெந்துத் தளத்தை உலர்த்துவதற்குப் பழைய சணற் சாக்கைப்போல உதவும் பொருள் வேறில்லை. துணி ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போகும்; சாக்கு அதைக் குடித்துவிடும். எங்கள் கழகத்தின் கூடைப்பந்தாட்டத் தளம் அரியாலையில், நீரேரிக் காற்று நேரே வந்து மோதும் வெளியில் இருப்பதால், மாரியில் நாள்தோறும் இந்த வேலை இருக்கும். ஆறு வருடங்களாக அந்தச் சாக்கை இழுத்தவன் நான். செயலாளர் இதைச் செய்ய வேண்டியதில்லை என்று பலர் சொன்னார்கள். ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து முழங்கால் போனால் அணியே போய்விடும் என்று பதில் சொன்னேன். அந்தப் பிள்ளைகளின் உடம்பில் ஒரு கீறலும் விழக்கூடாதென்று நினைத்த மனிதன் எழுதும் தாள் இது. விசாரணைக் குழுவினராகிய நீங்கள் மூவரும் அதை மறவாமல் மேலே வாசிக்க வேண்டும்.

என் பெயர் பரமலிங்கம். வயது ஐம்பத்து மூன்று. அச்சகம் நடத்துகிறேன். கலியாண அழைப்பிதழும் நினைவு மலரும் அச்சிட்டுச் சோறு தின்றேன். சீதனத்துக்கும் சாதிக்கும் எதிராகத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு மானத்தோடு வாழ்ந்தேன். இருபத்தைந்து வருடம் மேடைகளில் பேசியிருக்கிறேன். பெண் என்ன பொதியா, பெறுமதி எழுதிக் கட்டி அனுப்புவதற்கு என்று அளவெட்டியில் ஒரு கோயில் வீதியில் நான் கேட்டபோது, நாதஸ்வரக் கச்சேரிக்கு வந்திருந்த கூட்டம் முழுவதும் கைதட்டியது. தட்டிய கையோடு வீட்டுக்குப் போய்ச் சாதகத்தை விரித்து வைத்துப் பொருத்தம் பார்த்தது. சொல்லால் இந்த மண்ணில் ஒரு கல்லையும் அசைக்க முடியாது என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். கண்ணால் காணக்கூடிய ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த வேளையில்தான் லவீனாவைக் கண்டேன்.

கடற்றொழிலாளர் ஊரான குருநகரில் பாடசாலைப் போட்டியொன்று. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மற்றவர்கள் பந்தை வளையத்துக்கு எறிந்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய் வைத்தாள். ஐந்தடி நான்கு அங்குலப் பெண் எப்படி அந்த உயரத்தில் ஒன்றை வைக்க முடியும் என்று கேட்காதீர்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும். அவளுடைய தகப்பன் சிமியோன் நண்டுக்கு வலை போடுகிறவர். மகளை எங்கள் கழகத்துக்குத் தாருங்கள் என்று கேட்கப் போனபோது, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நண்டு பிடிக்கிறதிலும் பார்க்க வளையத்துக்கை பந்து போடுறது லேசுதான் அண்ணை. ஆனா நண்டெண்டால் பின்னேரம் கறிக்காவது உதவும். உந்தப் பந்தை என்ன செய்யிறது?"

"நாட்டுக்கு ஒரு கிண்ணம் வரும்."

"கிண்ணத்துக்கை என்ன கறி?" என்றார். பிறகு சிரித்துவிட்டு, "கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

ஒரு நட்சத்திரம் மட்டும் ஆட்டத்தை வெல்வதில்லை. இதை விளங்காத கழகங்கள்தாம் நல்ல பிள்ளைகளைக் கெடுக்கின்றன. லவீனாவிடம் இல்லாதவற்றை ஒரு தாளில் எழுதினேன். அவளுக்கு உயரம் இல்லை. ஆகவே வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பறிக்க உயரமான ஒருத்தி வேண்டும். பந்தை முன்னே கொண்டுசெல்லும் வேலையில் அவள் களைக்கக் கூடாது. ஆகவே அதற்கு ஒருத்தி வேண்டும். அவளை இருவர் மறிக்கும்போது மூலைகளில் காத்திருந்து எறிய இருவர் வேண்டும். ஒருவரையொருவர் கண்ணால் அறிய மூன்று வருடம் வேண்டும். லவீனாவுக்குப் பத்தொன்பது வயதாகும்போது தேசியக் கிண்ணம் வடக்குக்கு வரும் என்று கணித்தேன். என் கணிப்பில் பிழை இருக்கவில்லை.

பந்தைக் கொண்டுசெல்ல றொசாந்தி கிடைத்தாள்; அவளும் குருநகர். மூலைகளுக்கு அரியாலையிலேயே இருவர் இருந்தார்கள். உயரத்துக்கு உடுவிலுக்குப் போனேன். வெங்காயத் தோட்டக்காரர் முருகேசுவின் மூத்த மகள் ஆரணி, ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. அந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே கிடைக்கும் என்று தாய் குணலட்சுமி கவலைப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில், அந்த உயரத்தைப் புகழ்ந்து பேசிய முதல் ஆள் நான்தான்.

"சொந்தக்காரர் சிரிக்கினம் தம்பி, குமர்ப்பிள்ளை கட்டைக் காற்சட்டையோடை ஓடுறாள் எண்டு" என்றார் முருகேசு. "எனக்கு உதுகள் விளங்காது. நீர் பொறுப்பெண்டால் விடுறன்."

"நான் பொறுப்பு" என்றேன். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

இனி ஒரு போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வருடம் சாவகச்சேரியில் நடந்த போட்டிக்கு முருகேசு வந்திருந்தார். மகளுக்கென்று வீட்டிலிருந்து தனியாகத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். ஏன் தனியாக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் எவருமில்லை. இடைவேளையில் லவீனா ஓடிவந்து, யாருடையதென்று பாராமல், அந்தப் போத்தலை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள். பிறகு ஆரணியிடம் நீட்டினாள். ஆரணி தகப்பனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே குடித்தாள். றொசாந்தி குடித்தாள், மற்ற இருவரும் குடித்தார்கள். முருகேசு ஆட்டம் முடியும்வரை இருந்தார். முடிந்தபின் போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் நிரப்பிவந்து லவீனாவிடம் கொடுத்தார்.

"இந்தா பிள்ளை, முதல் நீ குடி."

அவ்வாண்டுக் கழக அறிக்கையில் அதை எழுதினேன். ஒரே போத்தலில் ஐந்து பேர் குடித்த அந்த நிமிடம் என் இருபத்தைந்து வருட மேடைகளை வென்றுவிட்டது என்று எழுதினேன். அந்த வரி இப்போதும் அறிக்கையில் இருக்கிறது. அதை எழுதியபோது என் கண் கலங்கியது உண்மை.

இந்த ஐவரையும் நான் காக்க வேண்டியிருந்தது. எதிரணிகளிடமிருந்து அன்று. உயரமானவர்களைப் பார்த்து நான் பயந்தால் லவீனா கேலி செய்வாள்: "ஏன் அங்கிள் முழுசுறீங்கள்? எங்கடை ஆரணியக்கா கொக்கத்தடி இல்லாமல் முருங்கைக்காய் பிடுங்கிறவ." எதிரணி எங்களிடமிருந்து எவரையும் எடுக்கவில்லை. கலியாணம்தான் எடுத்தது. நோர்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் மாப்பிள்ளைமார் கேட்டார்கள். எனக்கு முன்னர் அணி கட்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் தோற்றார்கள். பயிற்சி கொடுத்துப் பழுக்க வைப்பார்கள், ஒரு விமானம் வந்து கொண்டுபோய்விடும்.

நம்மவர் பெண் எடுக்குமுன் விசாரிப்பார்கள். பெண்ணின் வீட்டாரை நம்பமாட்டார்கள். ஊரில் மதிப்புள்ள ஒருவரைக் கேட்பார்கள். எங்கள் அணிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த ஒருவர் நான். றொசாந்தியை நோர்வேக்குக் கேட்டவர்கள் என் அச்சகத்துக்கே வந்தார்கள். தங்கமான பிள்ளை என்றேன். அது உண்மை. மாப்பிள்ளையின் தாய் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன், முகவரி சொன்னார்கள். அவர்கள் போனபின் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

பெயரில்லாக் கடிதத்துக்கு இந்த ஊரில் உள்ள மதிப்பை அச்சுத் தொழில் செய்பவன் நன்றாக அறிவான். அச்சில் வருவதை எவரும் நம்பமாட்டார். பாதிரியார் சொன்னாலும் குருக்கள் சொன்னாலும் அவருக்கு ஏதோ உள்நோக்கம் என்பார்கள். கை நடுங்கி எழுதியதுபோல, ஒப்பம் இல்லாமல், மலிவான தாளில் வரும் கடிதத்தைத்தான் மெய்யென்று கொள்வார்கள். வலக்கையால் என் பெயரிட்டு எழுதிய எதையும் எவரும் நம்பவில்லை. இடக்கையால் பெயரில்லாமல் எழுதிய எல்லாவற்றையும் எல்லாரும் நம்பினார்கள். இந்த முரணை நான் உண்டாக்கவில்லை. அதைப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான்.

பொய் எழுதினேன் என்று சொல்கிறார்கள். அதை மறுக்கிறேன். றொசாந்தி போட்டிக்கென்று கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இரவு தங்குபவள் என்று எழுதினேன். தங்கியிருக்கிறாள், பயண ஒழுங்கு செய்தவனே நான். ஆண்கள் நடுவராக நிற்கும் தளத்தில் ஆடுபவள் என்று எழுதினேன். ஆடியிருக்கிறாள். அதை வாசித்து முகம் சுளித்தவர்கள் சுளித்தது அவர்களுடைய அழுக்கால். சம்பந்தம் நின்றது. றொசாந்தி இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தவறவிடுவது பாதியாகக் குறைந்தது. துக்கம் சிலருக்கு நிதானத்தைக் கொடுக்கும்.

மொத்தம் ஏழு கடிதங்கள். நீங்கள் கண்டெடுத்தது ஒன்றை மட்டும் என்பதால் மற்ற ஆறையும் நானாகவே சொல்லிவிடுகிறேன். றொசாந்திக்கு இரண்டு. மூலையில் நிற்கும் இருவருக்கும் ஒவ்வொன்று. ஆரணிக்கு மூன்று.

ஆரணியின் மூன்றாவது சம்பந்தம் எனக்குச் சிரமம் கொடுத்தது. மாப்பிள்ளை வாகீசன் பாரிஸில் சமையற்கூடமொன்றில் வேலை செய்பவன். அவளை விட உயரம் குறைவு. அதைப் பற்றி அவனுக்கு வெட்கமில்லை. அவள் ஆடிய படங்களைத் தன் தொலைபேசியில் வைத்திருந்தான், அங்கேயும் கழகம் இருக்கிறது, வந்து ஆடு என்று சொல்லியிருந்தான். வெளியூரில் தங்குகிறாள் என்று எழுதினால் அவன் சிரிப்பான். அழைப்பிதழ் என் அச்சகத்திலேயே தயாராகிக்கொண்டிருந்தது. எழுத்துப் பிழை பார்க்க ஆரணி தானே வந்தாள்.

"மாமா, ஒண்டு கேக்கட்டே?" என்றாள். "அடியிலை ஒரு மூலையிலை எங்கடை கழகத்தின்ரை பேரையும் போடுவமோ? சின்ன எழுத்திலை. அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ."

போட்டேன். சின்ன எழுத்தில், அழகாக. அவள் அதைப் பார்த்து நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். தேசியப் போட்டிக்கு எட்டு மாதம் இருந்தது. தெறித்து வரும் பந்துகளில் ஓர் ஆட்டத்துக்குப் பதினான்கை அவள் பறித்துக்கொண்டிருந்தாள். அப்படியொருத்தி வடமாகாணத்தில் வேறில்லை. அன்று பின்னேரம் வாகீசனுடைய தாய்க்குக் கடிதம் எழுதினேன். மகனை அசைக்க முடியாதபோது தாயை அசைக்க வேண்டும். தாயை எது அசைக்கும் என்று யோசித்தேன். கழக அறிக்கையில் நான் எழுதிய வரிதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பெண் குருநகர்ப் பெண்களோடு ஒரே போத்தலில் வாய் வைத்துக் குடிப்பவள், ஒரே பாயில் படுப்பவள், இவளை உங்கள் அடுப்படிக்குள் விடுவீர்களா என்று எழுதினேன். அதிலும் பொய் இல்லை. நான் கேட்டது கேள்வி மட்டுமே. விடுவோம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கலாம்; அப்படிச் சொல்லியிருந்தால் அவரை மேடையில் புகழ்ந்திருப்பேன்.

சம்பந்தம் நின்றதும் உடுவிலுக்குப் போனேன். கலியாணம் ஒரு பெண்ணின் முடிவிடம் அன்று என்று எடுத்துச் சொன்னேன். முருகேசு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மை மாதிரி ஒருத்தர் இருக்கிறபடியாத்தான் தம்பி என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறாள்" என்றார். ஆரணி அறைக்குள் இருந்தாள். வெளியே வரவில்லை.

அரையிறுதிக்குப் பதினொரு நாள் இருக்கையில் அவள் போய்விட்டாள். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று முறை சம்பந்தம் தவறிய பெண் என்ற பெயரோடு ஊரில் இருக்க முடியாதென்று, ஒரு முகவரைப் பிடித்து, மொஸ்கோ வழியாகப் பெலாருஸுக்குப் போய், அங்கிருந்து காடு கடந்து பிரான்சுக்குப் போவதாக ஏற்பாடாம். அங்கே போய்ச் சேர்ந்தால் வாகீசன் தாயை மீறி ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தானாம். இதையெல்லாம் தாயும் தகப்பனும் அறிந்திருந்தார்கள். பொறுப்பு என்று வாங்கிக்கொண்ட எனக்கு மட்டும் மறைத்தார்கள். ஒரு வீட்டார் ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடிய துரோகத்தில் இதைவிடப் பெரியது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

காட்டிலிருந்து ஒரு முறை தொலைபேசி எடுத்திருக்கிறாள். குணலட்சுமி பிறகு எனக்குச் சொன்னார். "அம்மா, கால் ரண்டும் என்ரை இல்லை மாதிரிக் கிடக்கு. இஞ்சை மரமெல்லாம் என்னிலும் உயரம். நாளைக்கு எடுக்கிறன்" என்றாளாம். அது கார்த்திகை மாதம். பதினான்கு மாதம் ஆகிறது.

இறுதிப் போட்டியில் இரண்டு புள்ளியால் தோற்றோம். கடைசி அரை நிமிடத்தில் லவீனாவின் எறி வளையத்தில் பட்டுத் தெறித்தது. அந்தப் பந்து விழுந்த இடத்தை இன்றும் என்னால் காட்ட முடியும். அங்கே எவரும் நிற்கவில்லை. ஆரணி நின்றிருக்க வேண்டிய இடம் அது.

போன மாதம் நடந்ததை நீங்கள் மற்றவர்களிடம் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் கேளுங்கள். லவீனா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்தபின் உடுவிலுக்குப் போய்க் குணலட்சுமியோடு இருந்துவிட்டு வருகிறவள். வாகீசனுடைய பெரியதாய், மனம் பொறுக்காமல், அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து குணலட்சுமியிடம் கொடுத்திருக்கிறார். குணலட்சுமிக்குக் கண் சரியில்லை. வாசித்துக் காட்டு பிள்ளை என்று லவீனாவிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த நாள் பின்னேரப் பயிற்சியில் அவள் அதைப் புள்ளி எழுதும் மேசையில் என் முன்னால் வைத்தாள்.

"வாசியுங்கோ அங்கிள்."

"கண்ணாடி கொண்டுவரேல்லை."

"அப்ப நான் வாசிக்கிறன்." வாசித்தாள். போத்தல் என்ற சொல்லில் அவள் குரல் நின்றது. "இதிலை வாற குருநகர்ப் பெண் நான்தானே?"

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்திருந்தாள். கறுப்பின் நடுவே வெள்ளைக் கோடுகளாய் ஐந்து வட்டமும் அம்புகளும் தெரிந்தன. ஒரு வட்டத்துக்குள் ஆரணியின் சட்டை இலக்கம் இருந்தது.

இங்கேதான் என் தவறு. பயிற்சியாளர் றஜனி ரீச்சருக்கு ஆட்ட முறை கீறுவதற்கென்று, அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் தாள்களை ஒட்டிக் கட்டாக்கிக் கொடுப்பது நான்தான். அவர் குமிழ்முனைப் பேனாவை ஆணிபோல் அழுத்தி எழுதுகிறவர்; கீறல் அடுத்த தாளிலும் பதியும். கட்டு என் பையில் இருக்கும். மேலே இருந்த தாளை அவர் கிழித்து எடுத்த அன்றே, அடுத்த தாளைக் கிழித்துத் திருப்பி அதன் மறுபக்கத்தில் நான் கடிதம் எழுதியிருக்கிறேன். சிக்கனம் என் பழக்கம்.

றஜனி ரீச்சர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "இது என்ரை கீறல்" என்றார். "ஆரணிக்கெண்டு இதை ஒருக்காத்தான் கீறினனான். கட்டு ஆரிட்டை இருந்தது?"

கட்டு என் பையில் இருந்தது எல்லாருக்கும் தெரியும். றொசாந்தி அருகில் வந்து, மிக மெதுவாகக் கேட்டாள். "என்ரைக்கும் நீங்களோ?"

"ஓம்" என்றேன். கேட்டவளிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவள் தன் பெயர் எழுதிய சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மற்ற இருவரும் வைத்தார்கள். லவீனா மட்டும் நின்றாள்.

"உனக்காகத்தான் பிள்ளை" என்றேன். "உன்னைச் சுத்தித்தான் இதெல்லாம் கட்டினனான்."

"நான் கேட்டனானோ?" என்றாள். "இவையளைக் கட்டி வையுங்கோ எண்டு நான் உங்களிட்டைக் கேட்டனானோ, அங்கிள்? ஆரணியக்கா இஞ்சை அஞ்சு பேரிலை ஒருத்தியாய் நிக்கிறதிலும் பார்க்க அங்கை தாயாய் இருந்திருக்கலாம். நாங்கள் தோத்திருக்கலாம். தோத்தால் என்ன?"

தோற்றால் என்ன என்று அவள் கேட்டாள். நான் கண்டெடுத்த பிள்ளை, நான் ஈரம் துடைத்த தளத்தில் நின்று கேட்டாள். ஆரணி செய்த துரோகத்தை என்னால் மன்னிக்க முடிந்திருக்கிறது. இதை மன்னிக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். ஏழு கடிதங்களையும் நானே எழுதினேன். நானே தபாலில் இட்டேன். எவரும் தூண்டவில்லை. கழகத்தை மட்டும் கலைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வருடப் போட்டிக்கான பெயர்ப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பதினோராம் இலக்கத்துக்கு நேரே ஆரணி முருகேசு என்றே எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் அவளைக் கைவிட்டாலும் அவளுடைய இடத்தை வேறொருத்திக்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

இன்னுமொன்று. லவீனாவுக்குச் சென்னையில் ஒரு கல்லூரி விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுக்க முன்வந்திருக்கிறது. ஆனி மாதம் போவதாக இருக்கிறாள். அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிக் கழகச் செயலாளர் நற்சான்று தர வேண்டும் என்று ஒரு படிவம் என் பெயருக்கு வந்தது. அவள் என்னிடம் நடந்துகொண்ட விதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், ஒரு குறையும் சொல்லாமல், வலக்கையால் நிரப்பி ஒப்பமிட்டு உங்களிடமே தருகிறேன். தங்கமான பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன். கல்லூரியின் முகவரி படிவத்தின் தலைப்பில் இருந்தது. அதை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.